இது எத்தனை நாள்?

என் அக்கா பஸ் ஓட்டுகிறாள். இதைச் சொன்னால் சிலர், "ஸ்கூல் பிள்ளைங்க போற சின்ன பஸ்ஸா?" என்று கேட்பார்கள். இல்லை ஐயா, பெரிய பஸ். குறுக்கே நின்றால் ஒரு தெருவே மறைந்துபோகிற நகரப் பேருந்து. அக்காவோ என் தோள் உயரம்தான் இருப்பாள். இருக்கையை முடிந்த மட்டும் முன்னால் இழுத்து, முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால், அவளை ஓரங்கட்டிவிட்டுப் போக எந்த லாரிக்காரனுக்கும் துணிச்சல் வராது. பயணிகளுக்கு அவள் டிரைவரம்மா. டிப்போவில் வேறு ஒரு பெயரும் உண்டு. அதை இங்கே எழுதினால் என்னைத் தொலைத்துக்கட்டிவிடுவாள்.

நான் அவளுடைய தங்கை. முடி வெட்டுவது என் தொழில். கடைவீதியில் ஒரு பார்லரில் வேலை, வாடகை வீட்டில் வாசம். கையில் வந்த காசு கையில் தங்கியதாகச் சரித்திரம் இல்லை. அக்காவின் பார்வையில் நான் உருப்படாதவள். என் பார்வையில் அவள், பிடிவாதத்துக்குக் கை கால் முளைத்து நடமாடுகிறவள். இரண்டுமே உண்மைதான்.

சில காலைகளில் அவள் பஸ்ஸிலேயே நான் வேலைக்குப் போவேன். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஏறுகிறவர்களுக்கு அதைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கும். சாலை காலியாக இருந்து பஸ் சீக்கிரம் வந்துவிட்டால், ஏதாவது ஒரு நிறுத்தத்தில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஏற ஆளில்லை, இறங்க ஆளில்லை, சிக்னலும் இல்லை. ஒருநாள் டை கட்டிய ஒருவர் பொறுக்க முடியாமல் முன்னால் வந்துவிட்டார்.

"ஏம்மா, ரோடு காலியாத்தானே இருக்கு? எடுக்க வேண்டியதுதானே? எங்களுக்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா?"

அக்கா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த ஸ்டாப்புக்கு இன்னும் டைம் ஆகலை சார்."

"சீக்கிரம் போனா நல்லதுதானே?"

"யாருக்கு சார் நல்லது? உங்களுக்கு நல்லது. சரியான டைமுக்கு வந்து நிக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க? லேட்டா வர்ற பஸ்ஸைத் திட்டிக்கிட்டாவது ஏறலாம். முந்திப் போயிட்ட பஸ்ஸுல யார் ஏற முடியும்?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அதற்குள் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு மூச்சு வாங்க ஓடி வந்து ஏறினாள். அக்கா இன்ஜினைக் கிளப்பினாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

இவ்வளவு தெரிந்தவள்தான் தன் வீட்டில் கோட்டை விட்டாள்.

வீடு என்றால் மாளிகை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நகரத்தின் ஓரத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிற சின்ன வீடுகளில் ஒன்று. ஒரு கூடம், ஒரு சமையலறை, இரண்டு அறைகள், பின்னால் ஒரு சந்து. அக்காவும் அத்தானும் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் முன்பணத்துக்கே போய்விட்டது. மீதி முழுக்க வங்கிக் கடன், இருபது வருடத் தவணை. அத்தான், சோபாவும் கட்டிலும் விற்கிற பெரிய ஷோரூம் ஒன்றில் விற்பனையாளர். நல்ல மனுஷர். அக்காவுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்றுதான் அவரைச் சொல்ல வேண்டும்.

குடிபோன அன்று அத்தானின் அண்ணன் வந்தார். அவர் எந்தப் பேச்சையும், "எனக்கு எவன்கிட்டயும் ஒரு பைசா பாக்கி கிடையாது" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் எங்களுக்குள் அவர் பெயர் பாக்கியில்லாதவர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். பிறகு அக்கா கொடுத்த ஜூஸைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உங்க வீடு இல்லம்மா. பேங்க் வீடு. இருபது வருஷம் கழிச்சுத்தான் உங்க வீடு. அதுவும் நீ பஸ் ஓட்டிக் கட்டணும். உடம்பு ஒத்துழைக்கணும்ல?"

அவர் போன பிறகு அக்கா அந்த டம்ளரைக் கழுவிய சத்தம் தெருவுக்குக் கேட்டது. "பத்தே வருஷம். பத்து வருஷத்துல கடனை அடைச்சு, பத்திரத்தைக் கொண்டுபோய் அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா நீட்டலைன்னா நான் ஸ்டியரிங்கையே தொட மாட்டேன்" என்றாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வங்கிக் கவுன்டரில் இருந்த பெண் அவளுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தாள். தவணைக்கு மேல் கட்டுகிற பணம் நேராக அசலில் கழியும், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், கடன் வால் பக்கமிருந்து தேயும். போதாதா? அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டாள். எவ்வளவு அதிகமாகக் கட்டினால் கடனில் ஒரு நாள் குறையும் என்று கண்டுபிடித்தாள். அன்றோடு அந்த வீட்டில் காசு என்ற சொல்லே வழக்கொழிந்தது. எல்லாமே நாள்தான்.

மூன்று பேருக்கு ஐஸ்கிரீம் என்றால் ஒரு நாள். சினிமா மூன்று நாள், பாப்கார்ன் சேர்த்தால் நாலு. அத்தானுக்குப் புதுச் சட்டை இரண்டு நாள், அதனால் பழைய சட்டையின் காலரைத் திருப்பித் தைத்தார்கள். "இது எத்தனை நாள்?" என்பதுதான் வீட்டுப் பாஷை. நான் ஒருமுறை கேக் வாங்கிக்கொண்டு போனேன். அத்தான் பெட்டியைத் திறந்து பார்த்து, "அடேயப்பா, உன் தங்கச்சி ரெண்டு நாளை வெட்டிக் கிரீம் தடவிக் கொண்டுவந்திருக்கா" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

ஊருக்கெல்லாம் சோபா விற்கிற மனுஷர் வீட்டில், உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி. அதிலும் ஒன்றுக்குக் காலில் விரிசல். அது விருந்தாளிக்கு, அதாவது எனக்கு. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அதன் வாயில் ஒரு துணியைக் கட்டி, கீழே வாளி வைத்து, சேர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினார்கள். அக்கா ஓவர்டைம் பார்த்தாள், விடுமுறையில் மற்றவர்களின் ஷிப்டையும் ஓட்டினாள். தவணைக்கு மேல் ஏதாவது கட்டாத மாதம் கிடையாது. அது போக வருடத்துக்கு ஒருமுறை, போனஸும் ஓவர்டைமும் சேர்த்து ஒரு பெரிய தொகை. அதைக் கட்டிவிட்டு வருகிற அன்று மட்டும் அவள் முகத்தில் ஒரு களை வரும். உடனே பாக்கியில்லாதவருக்குப் போன் போட்டு, "மாமா, இன்னொரு அரை வருஷத்தை ஒழிச்சுக்கட்டிட்டேன்" என்பாள்.

இதற்காக அவளை நான் குறை சொல்லவில்லை. சொந்த உழைப்பில் நிமிர்ந்து நிற்க நினைப்பவளை யார் குறை சொல்வது? எனக்கு வயிற்றெரிச்சல் வேறு ஒரு விஷயத்தில்.

அக்காவுக்கு ஒரே மகள். ஒன்பது வயது. நாங்கள் அவளை ரகளை என்று கூப்பிடுவோம், சும்மா வைத்த பெயர் அல்ல. மூன்று வயதில் ஒரு பலூனுக்காகக் கடைத்தெரு நடுவில் உருண்டு புரண்டு அழுது டிராஃபிக்கை நிறுத்தியவள். பலூனை வாங்கிக் கொடுத்ததும், இந்த நிறம் வேண்டாம் என்று மறுபடியும் உருண்டவள். அப்பேர்ப்பட்ட பிள்ளை, கடன் தேயத் தேயத் தானும் தேய்ந்தாள். முதலில் அடம் போயிற்று. பிறகு அழுகை போயிற்று. கடைசியில் கேட்பதே போயிற்று. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால், "ஒண்ணும் வேணாம் சித்தி, இருக்கிறதே போதும்" என்பாள், அறுபது வயதுக் கிழவி மாதிரி. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் கடல் பார்க்கச் சுற்றுலா போனார்கள். இவள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. டீச்சர் கேட்டதற்கு, பஸ்ஸில் போனால் வாந்தி வரும் என்று சொல்லியிருக்கிறாள். பஸ் டிரைவர் மகள்!

"எவ்வளவு பொறுப்பு பாரு எம் பொண்ணுக்கு" என்று அக்காவுக்குப் பெருமை.

"அக்கா, இது பொறுப்பு இல்லை" என்றேன். " அவளுக்குக் கேக்கவே மறந்து போச்சு. இப்பவே வேணும்னு சொல்லத் தெரியாதவளுக்கு, நாளைக்கு யாரு கேட்டு வாங்கிக் குடுப்பாங்க?"

"உனக்குக் கையில ஓட்டை. நீ பேசாதே" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கவலை என் கூடவே வந்தது. கடன் என்றைக்காவது அடைந்துவிடும். அடைகிற அன்றைக்கு, இந்தப் பிள்ளையிடம் ஆசை என்று ஏதாவது மிச்சமிருக்குமா? அக்காவிடம் இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரகளைக்கு மாதம் ஒருமுறை முடி வெட்டுவது என் பொறுப்பு. வெளியே வெட்டினால் ஒரு நாள், சித்தி வெட்டினால் ஓசி. அன்று பள்ளி விடுமுறை. அக்காவும் அத்தானும் வேலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளையின் அறையிலேயே நாற்காலியைப் போட்டேன்.

அந்த அறை வீட்டின் பின்பக்கம், சந்தை ஒட்டி இருந்தது. ஜன்னல் கிடையாது, மேலே காற்றுக்கு ஒரு துவாரம் மட்டும். வெளிச்சுவர் முழுக்கப் படங்கள் தொங்கின. சூரியக் குடும்பம், மனிதனின் குடல், உலக வரைபடம், அவளே வரைந்த ஏழெட்டு யானைகள். ஆணி அடித்துக் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு மாட்டியிருந்தாள். "ஒரு காசு செலவில்லாம ரூமை எப்படி வச்சிருக்கா பாரு" என்று அக்கா வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவாள்.

"ஆடாதேடி, காது போயிடும்" என்று சொல்லிக்கொண்டே வெட்டினேன். அவள் ஆடவில்லை, இருமினாள். சில மாதங்களாகவே அவளுக்கு ஒரு வறட்டு இருமல் இருந்தது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெட்டி முடித்து, கழுத்தில் சுற்றியிருந்த துண்டை உதறிக் கொடியில் போடப் போனேன்.

"சித்தி, அதுல போடாதீங்க!"

போட்டுவிட்டேன். ஆணி, தன்னோடு ஒரு கைப்பிடிப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. கொடி அறுந்து கிரகங்களும் குடலும் யானைகளும் தரைக்கு வந்தன.

சுவரைப் பார்த்தேன். முழங்கால் உயரத்திலிருந்து கூரை வரை கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. பூச்சு ஊறி உப்பி, சில இடங்களில் உதிர்ந்து செங்கல் தெரிந்தது. விரலால் தொட்டேன், விரல் உள்ளே போயிற்று. அந்தச் சுவருக்கும் கட்டிலுக்கும் ஒரு கை நீளம்தான். அங்கேதான் பிள்ளை தினமும் தலை வைத்துத் தூங்குகிறாள்.

"எப்பலேருந்துடி இப்படி இருக்கு?"

"போன மழையிலேருந்து." குனிந்து யானைகளைப் பொறுக்கினாள். "டேப் போட்டு ஒட்டினா நிக்கல சித்தி, ஈரம். அதான் கொடி கட்டினேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"எதிர்ல வீடு கட்டுறாங்கல்ல, அந்தக் கொத்தனார்கிட்ட கேட்டேன். பைப்பை மாத்திச் சுவரைப் பூசணுமாம். எவ்வளவு ஆகும்னு சொன்னார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாப்பது நாள் ஆகுது சித்தி. நாப்பது நாள்! அம்மா தாங்க மாட்டாங்க." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள். "நீங்க கவலைப்படாதீங்க. நானே சேர்த்துட்டிருக்கேன்."

"எதைச் சேர்க்கிறே?"

"நாளைத்தான். ஸ்கூல் டூர் பன்னண்டு நாள், அது வேணாம்னுட்டேன். ஷூ அஞ்சு நாள், பழசே போட்டுக்கிறேன். பிறந்தநாள் டிரெஸ், சினிமா, ஐஸ்கிரீம்னு இன்னும் எவ்வளவோ வேணாம்னுட்டேன். எல்லாம் சேர்ந்து முப்பத்தஞ்சு ஆயிடுச்சு. இன்னும் அஞ்சே நாள். அப்புறம் நானே அம்மாகிட்ட சொல்லிடறேன்."

வேண்டாம் என்று தான் சொன்ன ஒவ்வொன்றும், எங்கேயோ தன் பெயரில் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அந்தப் பிள்ளை நம்பியிருந்தாள். அவள் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தந்த மாதமே அசலில் கழிந்துவிட்டது என்று அவளுக்கு யார் சொல்வது? அவளுக்கென்று ஒரு நாள்கூடச் சேரவில்லை. இப்படி ஒரு கணக்குத் தப்பை வேறு எந்த வீட்டுப் பிள்ளையும் செய்திருக்காது. அவள் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். வெட்டிய முடியெல்லாம் என் உடையில் ஒட்டிக்கொண்டது. அழுகையைவிடக் கோபம்தான் எனக்கு அதிகம் வந்தது.

மாலை அக்கா ஷிப்ட் முடிந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்க விடவில்லை, கையைப் பிடித்து நேராக அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "பாரு, உன் பொண்ணோட பொறுப்பைப் பாரு" என்றேன். நாற்பது நாளையும் சொன்னேன், அந்த முப்பத்தைந்தையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை.

அக்கா சுவரருகே போனாள். சீருடைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் சுரண்டினாள். ஈரப் பூச்சு கட்டியாகப் பெயர்ந்து அவள் ஷூ மேல் விழுந்தது. மறுபடியும் சுரண்டினாள். ரகளை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஸாரிம்மா. நான் தினமும் துணியால துடைச்சேன்மா, நிக்கவே இல்ல" என்றாள்.

அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் நெஞ்சில் காதை வைத்து, அந்த மூச்சு இழுக்கிற சத்தத்தை வெகு நேரம் கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்தது எனக்குத் தெரிந்த முகம்தான். பாக்கியில்லாதவர் போன அன்று டம்ளர் கழுவிய முகம்.

"அந்தக் கொத்தனார் எதிர்லதானே இருக்கார்? கூப்பிடு" என்றாள்.

அந்த வருடத்துப் பெரிய தொகை அடுத்த திங்கட்கிழமை வங்கிக்குப் போக வேண்டியது. அதற்காகவே சேர்த்து வைத்தது. அத்தான் தயங்கினார். "அதுலயே கை வைக்கணுமா? கொஞ்சம் கொஞ்சமா பண்ணலாமே?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் நம்ம பொண்ணு பண்ணிட்டிருந்தா. போதும்."

அத்தான் பிள்ளையின் அறைக்குப் போனார். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் போட்டார்.

சந்துப் பக்கம் போகிற மழைநீர்க் குழாய் வெடித்திருந்தது. சுவரின் நடுப்பகுதி நைந்துபோயிருக்கிறது, உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றார் கொத்தனார். உடைத்தார். இடிபாடு கூடம் வரை வந்தது, வீடெல்லாம் செங்கல் தூசி. சுவரில் ஆள் தலை போகிற அளவுக்கு ஓட்டை விழுந்ததும், ரகளை அதில் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இங்கேருந்து வானம் தெரியுது!"

"நாளைக்கு நல்லாக் கல்லு வச்சு அடைச்சுடலாம்மா" என்றார் கொத்தனார்.

அக்கா மகளின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எதுக்கு அடைக்கணும்? ஜன்னல் வைங்க."

"ஜன்னல்னா செலவு கூடும்மா."

"கூடட்டும். இங்க இருக்கிறது பொண்ணு, கைதி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை பாக்கியில்லாதவர் வந்து சேர்ந்தார். வருடா வருடம் பெரிய தொகை கட்டுவதற்கு முந்தின நாள் வந்து, பேஷ் பேஷ் என்று தலையாட்டிவிட்டுப் போவது அவர் வழக்கம். இப்போதெல்லாம் சொந்தக்காரர்களிடம் அக்காவைப் பற்றிப் பெருமையாக வேறு பேசிக்கொண்டிருந்தார். வாசலில் குவிந்து கிடந்த செங்கல்லைத் தாண்டி வருவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது? நாளைக்குப் பேங்குக்குப் போகணுமே?"

"போகலை மாமா. அந்தப் பணம் சுவருக்கு."

"மொத்தமுமா?"

"சுவருக்கு, ஜன்னலுக்கு, கிச்சன் குழாய்க்கு. மிச்சத்துல எல்லாரும் கடலுக்குப் போறோம்."

"கடலுக்கா! இவ்வளவு கடனை வச்சுக்கிட்டா? பத்து வருஷம்னு சவால் விட்டவ நீதானே? பாதி வழியில விட்டா நாலு பேர் சிரிக்க மாட்டாங்க? ரோஷம் வேணும்மா, ரோஷம்."

நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அக்கா கையிலிருந்த சிமெண்டைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். அவள் அவருடைய நெஞ்சு உயரம்கூட இல்லை.

"ரோஷம் நிறையவே இருக்கு மாமா. தவணை ஒரு நாள் பிந்தினதா உண்டா? இனிமேலும் பிந்தாது. மேல கட்டறதையும் விடலை. முன்னே மேல கட்டினதுல பாதி கட்டுவேன், மீதி என் வீட்டுக்கு. இவ்வளவு காலமா நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? டைமுக்கு முந்தி ஓட்டிட்டிருந்தேன். வேற டிரைவர் அப்படிப் பண்ணினா நானே சட்டையைப் பிடிப்பேன். என் பொண்ணு சரியான டைமுக்குத்தான் வந்து ஸ்டாப்புல நின்னா. ஒன்பது வயசுல கேக்க வேண்டியதைக் கேக்கணும்னு நின்னா. நான் அவளை விட்டுட்டுப் போயிட்டேன் மாமா. காலி பஸ்ஸைக் கொண்டுவந்து உங்க வாசல்ல நிறுத்தி, 'பாருங்க, எவ்வளவு சீக்கிரம் வந்துட்டேன்'னு உங்களுக்குக் காட்டறதுக்காக."

அவள் குரல் ஒரே ஒரு இடத்தில் உடைந்தது. இருமிச் சரிசெய்துகொண்டாள்.

"இது பேங்க் வீடுன்னு அன்னைக்குச் சொன்னீங்க. அந்தச் சுவர்ல ஊறின தண்ணி பேங்க் மேனேஜர் நெஞ்சுக்குப் போகலை. என் பொண்ணு நெஞ்சுக்குத்தான் போச்சு. அப்ப இது என் வீடுதான். கடன் முடியற அன்னைக்கு இல்ல, இன்னைக்கே என் வீடு."

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று அவர் முனகினார்.

"தெரியும் மாமா. உக்காருங்க, டீ போடறேன்."

கால் விரிசல் விட்ட நாற்காலியை நான் அவருக்கு எடுத்துப் போட்டேன்.

கடலுக்குப் போனோம். நானும் ஒட்டிக்கொண்டேன். ரகளைக்கு வழியில் வாந்தியும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. அத்தான் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் சின்னப் பையன் மாதிரி கத்தினார். ஒருவர் கலர் கலராகக் காற்றாடி விற்றுக்கொண்டு போனார். ரகளையின் கண் அவர் பின்னாலேயே போயிற்று, வாய் திறக்கவில்லை.

"வேணுமா?" என்றாள் அக்கா.

"வேணாம்மா. சும்மா பார்த்தேன்."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அடம் பிடி."

"என்னம்மா?"

"வேணும்னு அடம் பிடிடி. காலை உதை. கத்து. நான் வேணாம்னு சொல்றேன், நீ விடாதே."

பிள்ளை உண்மையிலேயே முயன்று பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். ஒரு காலால் மணலை மெதுவாகத் தட்டினாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு வரலைம்மா" என்றாள்.

அக்கா காற்றாடியை வாங்கிக் கொடுத்தாள். பிள்ளை, "தேங்க்ஸ்மா" என்றாள். திரும்பி வருகிற வழி முழுக்க அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சுவர் இடிந்தால் கொத்தனாரைக் கூப்பிடலாம், இதற்கு யாரைக் கூப்பிடுவது?

புதுப் பூச்சு காயச் சில வாரங்கள் ஆயின. இருமல் குறைந்தது. ஜன்னலுக்குக் கதவு வந்தது. கடைசியில் பெயிண்ட் வாங்கப் போனோம், அக்காவும் ரகளையும் நானும். டப்பாவைக் குலுக்குகிற இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த கடை. அக்காவுக்குப் பழைய புத்தி எங்கே போகும்? போனதும், "வெள்ளை குடுங்க. அதானே விலை கம்மி?" என்றாள்.

ரகளை நிற அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, மஞ்சள்."

"வெள்ளைன்னா வெளிச்சமா இருக்கும்டி."

"மஞ்சள்மா."

"மஞ்சள் சீக்கிரம் அழுக்காகும். ரெண்டு தடவைக்கு மூணு தடவை அடிக்கணும். வெள்ளையே..."

"எனக்கு மஞ்சள்தான் வேணும்!"

கடை திரும்பிப் பார்த்தது. ரகளை காலை ஓங்கித் தரையில் உதைத்தாள், பக்கத்திலிருந்த காலி டப்பாக்கள் சரிந்தன. "என் ரூம்! என் சுவர்! வெள்ளை அடிச்சா நான் அந்த ரூமுக்கே போக மாட்டேன்! மஞ்சள்! மஞ்சள்! மஞ்சள்!" மூச்சு வாங்கியது. முகம் சிவந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய பலூன் அழுகை, அப்படியே முழுசாக.

பில் போட நின்ற ஒருவர், "நல்லா வளர்த்திருக்காங்க பிள்ளைய" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், எங்கள் காதில் விழும்படியாக.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை. "ஆமா சார், நல்லாத்தான் வளர்த்திருக்கேன்" என்றாள். பிறகு கடைக்காரரிடம், "காது கேட்டுச்சுல்ல? மஞ்சள். இருக்கிறதுலயே பளிச்சுனு ஒரு மஞ்சள் குடுங்க" என்றாள்.

டப்பா இயந்திரத்தில் ஏறிக் குலுங்கியது. ரகளை எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர் விலையைச் சொன்னதும் அவள் முகத்தில் அந்தப் பழைய பயம் எட்டிப் பார்த்தது. அம்மாவின் சீருடைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இது எத்தனை நாள்?"

அக்கா டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இது நாள் இல்லடி, பெயிண்ட். கனமா இருக்கு, ரெண்டு கையாலயும் பிடி."